பொருள்: 'சொசியெத்தேர்', 'பான்சியோனேர்' என்ற பிரெஞ்சு நாடக அரங்கச் சொற்களைத் தமிழில் எப்படிச் சொல்லலாம்?

> நடிகர் தல்மா 1787-இல் ஓய்வூதிய நடிகராகச் சேர்ந்து, 1789-இல் உறுப்பினரானார் – இப்படி எழுதலாமா?

வேண்டாம் ஐயா. 1763-இல் பிறந்தவர் 24 வயதிலேயே ஓய்வூதியம் வாங்கினாரா என்று வாசகர் கேட்பார். பாரிசின் கொமெடி பிரான்சேஸ் நாடகக் குழுவில் 'பான்சியோனேர்' என்றால் சம்பளத்துக்கு நடிப்பவர், அவ்வளவுதான். வேடிக்கை என்னவென்றால், நிஜமான ஓய்வூதியம் 'சொசியெத்தேர்' ஆனவருக்குத்தான். நெப்போலியன் மாஸ்கோவிலிருந்து 1812-இல் கையெழுத்திட்ட ஆணைப்படி, செலவு போக மிஞ்சிய வருமானம் 24 பங்குகளாகப் பிரிந்தது. 'சொசியெத்தேர்' அதில் ஒரு பங்கோ பங்கின் பகுதியோ பெற்றார். 20 ஆண்டு நடிக்கக் கடமைப்பட்டிருந்தார். அதன் பிறகு ஓய்வூதியம்.

'சொசியெத்தேர்' என்பதற்கு நீங்கள் எழுதிய 'உறுப்பினர்' என்ற சொல்லில் இந்தப் பங்கு தெரியவில்லை. நூலகத்துக்குச் சந்தா கட்டியவரும் உறுப்பினர்தானே.

தல்மாவின் கதைக்கே இது முக்கியம். 'ஒன்பதாம் சார்லஸ்' நாடகத்தில் மூத்த நடிகர் ஒருவர் மறுத்த அந்த அரசன் வேடம் 1789 நவம்பரில் இவருக்குக் கிடைத்தது. புரட்சி தொடங்கிய நேரத்தில், சொந்தக் குடிகளையே கொல்லச் சம்மதிக்கும் அரசன் வேடம்! அடுத்த ஆண்டு வோல்தேரின் 'புரூட்டஸ்' நாடகத்தில், சில வரிகளே பேசும் வேடத்துக்கு, பொய்முடியைக் கழற்றிவிட்டு ரோமானிய டோகா உடுத்தி, கையும் காலும் தெரிய மேடையேறினார். சக நடிகர்களுக்கு அதிர்ச்சி. அதே 1790-இல் 'ஒன்பதாம் சார்லஸ்' நாடகத்தை மறுபடி மேடையேற்றும் தகராறில் அவரை விலக்கியே வைத்தார்கள். நகராட்சி தலையிட்டுத் திரும்பச் சேர்த்தது. 1791-இல் அவரும் சிலரும் பிரிந்து ரிஷல்யூ தெரு அரங்குக்குப் போனார்கள். 1799-இல்தான் மறுபடி ஒன்றானார்கள்.

'பங்காளி' என்றே வைக்கலாம் போலிருக்கிறது, சண்டை வரைக்கும் பொருந்துகிறது! ஆனால் கட்டுரையில் எழுத முடியாது. 'பங்கர்' சுருக்கமானது, ஈழத்து நண்பர்களுக்குப் பதுங்குகுழிதான் நினைவுக்கு வரும்.

என் பரிந்துரை: பங்குரிமை நடிகர், சம்பள நடிகர்.

――――

> பங்குரிமை நடிகர்

நீளமாக இருக்கிறதே? 'பங்கு நடிகர்' போதாதா?

――――

'பங்கு நடிகர்' என்றால் பங்குச் சந்தை விளம்பரத்தில் வருபவர் மாதிரி இருக்கிறது. முதல் இடத்தில் முழுதாக எழுதிவிட்டு, அப்புறம் 'பங்குரிமையர்' என்று சுருக்கலாம். சரி என்றால் தல்மா கட்டுரையை இன்றே திருத்திவிடுகிறேன்.