ஒரு லட்சம் பவுண்டுக்கு ஒரு ரெக்கார்டு: இது பாட்டு ஆசையா, பதுக்கல் ஆசையா?

தாமரைக்குளம்:
2020-ல் பிரிட்டனில் ஒரு ஏழு அங்குல இசைத்தட்டு ஒரு லட்சம் பவுண்டுக்குக் கைமாறியது. ஃபிராங்க் வில்சன் பாடிய 'டூ ஐ லவ் யூ'. 1965-ல் டெட்ராய்ட்டில் மோட்டவுன் என்ற ரெக்கார்டு நிறுவனம் தன் 'சோல்' லேபிளில் (துணை வெளியீட்டுப் பெயர்) வானொலிக்காரர்களுக்கென்று கொஞ்சம் மாதிரிப் பிரதிகள் அடித்தது. அப்புறம் மனம் மாறி அவற்றை அழித்துவிட்டது. தப்பியவற்றை விரல் விட்டு எண்ணிவிடலாம். இன்னொரு விற்பனை 2009-ல் நடந்தது, அப்போது விலை 25,742 பவுண்ட்.

என் கேள்வி எளிது. அதே பாட்டு என் போனில் இலவசமாக ஓடுகிறது. அதே குரல், அதே இரண்டரை நிமிடம். மீதிப் பணம் எதற்கு? அமெரிக்கக் கறுப்பர்களின் சோல் இசையில் அபூர்வ ரெக்கார்டுகளைத் தேடித் திரியும் இந்த 'நார்தர்ன் சோல்' கூட்டத்துக்குப் பாட்டின் மேல் ஆசையில்லை, அடுத்தவனிடம் இல்லாததன் மேல்தான் ஆசை. இல்லை என்பவர்கள் சொல்லுங்கள்.

போல்டன் பாலா:
வணக்கம். நான் வட இங்கிலாந்தில் போல்டனில் இருபது வருடமாக இருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் இருபதாவது வயதில் சனிக்கிழமை தவறாமல் விகன் காசினோ என்ற நடனக் கூடத்துக்குப் போனவர். அதனால் இதை ஒரு லட்சம் பவுண்டிலிருந்து ஆரம்பிப்பதே தப்பு என்பேன்.

'நார்தர்ன்' என்றால் அமெரிக்காவின் வடக்கு இல்லை, இங்கிலாந்தின் வடக்கு. டேவ் கோடின் என்ற இசைப் பத்திரிகையாளர் லண்டனில் ரெக்கார்டு கடை வைத்திருந்தார். கால்பந்து பார்க்க வடக்கிலிருந்து வரும் பையன்கள் அவர் கடைக்கு வந்து புது அமெரிக்கப் பாட்டுகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், 1960-களின் நடுவில் வந்த வேகமான சோல் பாட்டுகளையே கேட்டிருக்கிறார்கள். கடைப் பையன்களுக்குப் புரிவதற்காக அவர் வைத்த பெயர் அது. 1970-ல் தன் பத்தியிலும் எழுதினார், பெயர் நிலைத்துவிட்டது.

இதில்தான் விஷயமே இருக்கிறது. 1970-ல் அமெரிக்காவில் சோல் இசை ஃபங்க் என்ற வேறு பாணியின் பக்கம் போய்விட்டது. இவர்கள் ஆட விரும்பிய பாட்டை இனிமேல் யாரும் போடப்போவதில்லை. ஊற்று நின்ற கிணறு. ஆனால் வாரா வாரம் ஆட புதுப் பாட்டு வேண்டும். என்ன செய்வது? 1964 முதல் 1968 வரை வந்து ஓடாமல் போன ரெக்கார்டுகளைத் தோண்ட வேண்டியதுதான். சிகாகோவிலும் டெட்ராய்ட்டிலும் சின்னச் சின்ன லேபிள்கள் அடித்து, விற்காமல் கிடங்கில் தள்ளிய சரக்கு. தேடல் வந்தது ஆடுவதற்காக. விலை அதன் பின்னால் வந்த வால்.

ரசூல்_45:
வாலா? இப்போது வால்தான் நாயை ஆட்டுகிறது, பாலா அண்ணே.

நானும் ரெக்கார்டு சேர்ப்பவன், அதனால் உள்ளிருந்தே சொல்கிறேன். பழைய தட்டு எத்தனை ஆயிரத்துக்கு விற்றாலும் பாடியவருக்கு ஒரு பைசா கிடையாது. இரண்டாம் கை வியாபாரம் அப்படித்தான். ஆனால் எனக்குக் கோபம் அதில்கூட இல்லை. 'கவர் அப்' என்று ஒரு வழக்கம் உண்டு, தெரியும்தானே? டிஜே ஒரு அபூர்வப் பாட்டைக் கண்டுபிடித்தால் தட்டின் நடுவில் பெயர் போட்டிருக்கும் லேபிள் மேல் காகிதம் ஒட்டி மறைத்துவிடுவார். பாடியவர் பெயரையும் மாற்றி ஏதோ ஒன்றைச் சொல்வார். மற்ற டிஜே யாரும் அதே தட்டைத் தேடிப் பிடித்துவிடக் கூடாதாம். நீங்கள் சொல்லும் அதே ஃபிராங்க் வில்சன் பாட்டே எடி ஃபாஸ்டர் என்ற வேறொருவர் பெயரில்தான் கள்ளப்பதிப்பாக ஊரெல்லாம் சுற்றியது. ஆயிரம் பேர் ஆடுகிறார்கள், யார் பாட்டுக்கு ஆடுகிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது. இதற்குப் பெயர் மீட்பா?

ஜெயந்தி ராகவன்:
ரசூல், பாதி உண்மை. மீதியை நான் சொல்கிறேன்.

டாமி லின் 1965-ல் பதிவு செய்த 'ஐம் கோனா ரன் அவே ஃப்ரம் யூ' 1971-ல் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் நாலாவது இடம். தி டாம்ஸ் குழுவின் 1964 பாட்டு அதே 1971-ல் பிரிட்டனில் முதலிடம். ஆர். டீன் டெய்லரின் 1967 பாட்டு 1974-ல் மூன்றாவது இடம். ஆறு வருடம், ஏழு வருடம் கழித்து, சொந்த நாட்டில் மறந்துபோன பாட்டுகள். இவை முறையாக மறுபடி அச்சிட்டு விற்றவை, கள்ளச்சரக்கு இல்லை. வடக்கு நடனக் கூடங்களில் கூட்டம் கேட்டதால்தான் கம்பெனிகள் கிடங்கைத் திறந்தன.

அப்புறம் மேஜர் லான்ஸ். சிகாகோக்காரர், 60-களில் கொடிகட்டிப் பறந்து பின்பு இறங்கியவர். 1972-ல் ஸ்டோக் நகரத்து டன்ஸ்டாலில் 'கோல்டன் டார்ச்' என்ற கூடத்தில் வந்து பாடினார், அது அப்படியே நேரடி ஆல்பமாகவும் வந்தது. இன்னொரு அமெரிக்கப் பாடகர் எட்வின் ஸ்டார் இங்கிலாந்துக்கே குடிவந்து, 2003-ல் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார். காகிதம் ஒட்டி மறைத்தவர்கள் இருந்தார்கள், சரி. காரில் அழைத்து வந்து மேடை ஏற்றியவர்களும் இருந்தார்களே.

தாமரைக்குளம்:
நீங்கள் சொல்லும் பட்டியலில் 'டெயின்டட் லவ்' மட்டும் விட்டுப்போனது ஏனோ ஜெயந்தி மேடம்? குளோரியா ஜோன்ஸ் பாடியது, 1965-ல் ஒரு சின்ன லேபிளில் பின்பக்கப் பாட்டாக வந்து யாரும் கண்டுகொள்ளாமல் போனது. 1973-ல் ரிச்சர்ட் சியர்லிங் என்ற டிஜே அமெரிக்கா போனபோது வாங்கி வந்து போட, வடக்கே தலையில் வைத்து ஆடினார்கள். கடைசியில் 1981-ல் முதலிடத்துக்குப் போனது யார் பாட்டு? சாஃப்ட் செல் என்ற பிரிட்டிஷ் இரட்டையரின் பாட்டு.

ஜெயந்தி ராகவன்:
அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதையில் ஒரு வேடிக்கை உண்டு. சாஃப்ட் செல் அந்தத் தட்டின் மறுபக்கத்திலும் சுப்ரீம்ஸ் குழுவின் பழைய பாட்டையே பாடி வைத்தார்கள். சொந்தப் பாட்டை வைத்திருந்தால் பாட்டெழுதியவர் பங்கு அவர்களுக்கு வந்திருக்கும். 'டெயின்டட் லவ்' பங்கு எழுதிய எட் காபுக்குப் போனது, மறுபக்கப் பங்கு மோட்டவுன் பாட்டாசிரியர்களுக்கு. முதலில் பாடிய குளோரியா ஜோன்ஸ் மட்டும் இரண்டு தடவையும் வெளியே நின்றார். அது சேகரிப்பவர்கள் செய்த பாவம் இல்லை, பாட்டுத் தொழிலின் கணக்கே அப்படி.

கூழாங்கல்:
நடுவில் ஒரு சந்தேகம். தரையில் பவுடர் போட்டு ஆடுவார்களாமே, நிஜமா? கேரம் போர்டு மாதிரி?

போல்டன் பாலா:
அதே தான் கூழாங்கல்! டால்கம் பவுடர். தோல் அடியுள்ள ஷூ, அகலமான பேன்ட், ஒரு தோள்பை. பைக்குள் மாற்றுச் சட்டை, துண்டு, பவுடர் டப்பா. விகன் காசினோவில் கதவு திறப்பதே நள்ளிரவு தாண்டித்தான். ஆட்டம் காலை எட்டு மணிவரை. மது கிடையாது. (மாத்திரை உண்டு. அதை மறைத்துப் பேசினால் பெரியவரே என்னைத் திட்டுவார். போலீஸ் தொல்லைக்கு அதுதான் காரணம்.) 1973 செப்டம்பரில் ஆரம்பித்து 1981 டிசம்பரில் மூடினார்கள். ஒவ்வொரு ராத்திரியும் அதே மூன்று பாட்டில்தான் முடியும், டோபி லெஜண்ட், ஜிம்மி ராட்கிளிஃப், டீன் பாரிஷ் பாடியவை. எட்டுக்கு முந்திய மூன்று என்றே அவற்றுக்குப் பெயர்.

பெரியவர் எனக்கு ஆடிக் காட்டினார், அவர் வீட்டுச் சமையலறையில். எழுபதை நெருங்குகிறார். முழங்கால் மாற்று அறுவை செய்தவர். கையை இடுப்போடு ஒட்டிக்கொண்டு பாதம் மட்டும் பக்கவாட்டில் வழுக்குகிறது, மேலுடம்பு அசைவதே தெரியவில்லை. நாலு அடி போனதும் ஃப்ரிட்ஜைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவரிடம் போய் 'உங்களுக்குப் பாட்டு ஆசையில்லை' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

தாமரைக்குளம்:
ஆடியவரைச் சொல்லவே இல்லையே அண்ணே நான். பூட்டி வைத்தவரைச் சொல்கிறேன்.

இன்னொன்றும் உறுத்துகிறது. இவர்கள் பேட்ஜில் இருக்கும் அந்த உயர்ந்த முஷ்டி கறுப்பர் விடுதலை இயக்கத்தின் சின்னம். ஆடியவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். ஈனாக் பவல் என்ற பிரிட்டிஷ் அரசியல்வாதி பர்மிங்காமில் குடியேறிகளுக்கு எதிராக அந்தப் பேச்சைப் பேசியது 1968. இந்த இசை வேர் பிடித்த அதே வருடங்கள். முஷ்டியைத் துணியில் தைத்துக்கொண்டால் போதுமா?

போல்டன் பாலா:
நல்ல கேள்வி. எனக்கு முழுப் பதில் இல்லை. பேட்ஜில் முஷ்டியோடு இருக்கும் 'நம்பிக்கையை விடாதே' என்ற வாசகத்தைப் பரப்பிய கோடின் அதைத் தெரிந்தேதான் செய்தார். பிரிட்டனில் மோட்டவுனுக்கு ரசிகர் சங்கம் கட்டியவர், கறுப்பர் உரிமை பற்றி ஓயாமல் பேசியவர். ஆனால் பேட்ஜ் வாங்கிய எல்லாரும் கோடின் இல்லை. பெரியவரைக் கேட்டேன். 'பாடியவர்களில் பாதிப் பேர் கறுப்பா வெள்ளையா என்றே எங்களுக்குத் தெரியாது, உறையில் படமே இருக்காது, ஓட்டை போட்ட காகித உறைதானே' என்றார். அதுவும் உண்மைதான். டீன் பாரிஷ் வெள்ளையர், நியூயார்க்காரர். ஆர். டீன் டெய்லரும் வெள்ளையர், கனடாக்காரர். முகம் தெரியாமல் நேசிப்பது பெருமையா, அக்கறை இல்லாமையா? நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஊசிமுனை:
பூட்டி வைப்பது பற்றிப் பேச்சு வந்ததால் நுழைகிறேன். 'ஒரிஜினல் தட்டு மட்டுமே போட வேண்டும்' என்று விடிய விடிய ஆட்டம் நடக்கும் பல ஆல்நைட்டர்களில் இன்றும் கறார் விதி. வெளியிலிருந்து பார்த்தால் பணக்காரத் திமிர். ஆனால் அது முளைத்த காரணம் வேறு. 70-களில் கள்ளப்பதிப்பு கொட்டிக் கிடந்தது. ஒருவன் வாரச் சம்பளத்தைக் கொட்டி, கிங்ஸ் லின் ஊரில் ஜான் ஆண்டர்சன் அமெரிக்காவிலிருந்து இறக்கிய பெட்டிகளில் நாள் முழுக்க விரல் கறுக்கத் தேடி ஒரு தட்டை எடுப்பான். இன்னொருவன் அதைப் பிரதி எடுத்து அடுத்த வாரமே சந்தையில் விற்பான். இப்படி அடித்தவன் பாடியவருக்குக் காசு கொடுத்தானா? அதுவும் இல்லை. ஆக அந்த விதி ஒருவகையில் திருட்டுக்கு எதிரான விதி.

எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் ஒரு வெறும் வளையம் இருக்கும் பாருங்கள், அதை விளக்குக்குச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு தட்டிலும் அங்கே ஒரு எண் இருக்கும். பல பாட்டுகளுக்கு ஒரிஜினலில் அந்த எண் இயந்திரத்தில் குத்தியது, எழுத்து நேராக இருக்கும். கள்ளப்பதிப்பில் யாரோ ஆணியால் கீறியது போலக் கோணலாக இருக்கும். எல்லாத் தலைப்புக்கும் இது பொருந்தாது, கையால் கீறிய ஒரிஜினல்களும் உண்டு. எந்தப் பாட்டுக்கு எது என்று மனப்பாடம் செய்ய வேண்டும், வேறு வழியில்லை. இன்னொரு தொல்லை, அமெரிக்காவில் நிறையத் தட்டுகளை வினைலில் இல்லாமல் மலிவான ஸ்டைரினில் அடித்தார்கள். வானொலி டிஜே பாட்டின் ஆரம்பத்தில் ஊசியை வைத்து முன்னும் பின்னும் உருட்டுவாரே, அந்த இடம் மட்டும் தேய்ந்து முதல் ரெண்டு வினாடி 'உஷ்ஷ்ஷ்' என்று வரும். அந்த இரைச்சல் கேட்டாலே எனக்குச் சிலிர்க்கும். பைத்தியம் என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

ரசூல்_45:
பைத்தியம் :) ஆனால் ஒரே ஒரு விஷயம். திருட்டைத் தடுக்க வந்த விதி இப்போது வாசல்காவல் ஆகிவிட்டது. காசு இல்லாத பையன் எவ்வளவு நல்ல ரசனை உள்ளவனாக இருந்தாலும் மேடை ஏற முடியாது. புதுசு என்றாலே இவர்களுக்கு ஒவ்வாமை வேறு. பிளாக்பூல் ஊரின் 'மெக்கா' நடனக் கூடத்தில் இயன் லெவின் என்ற டிஜே அப்போதைய புதுப் பாட்டுகளைப் போட்டதற்கு 'லெவின் வெளியேறு' என்று பேனர் பிடித்தவர்கள்தானே?

ஜெயந்தி ராகவன்:
பேனர் பிடித்தவர்கள் ஒரு பக்கம். புதுப் பாட்டு கேட்க மெக்காவுக்குப் போனவர்கள் இன்னொரு பக்கம். அந்தச் சண்டையே அவர்கள் பாட்டைக் காது கொடுத்துக் கேட்டார்கள் என்பதற்குச் சாட்சி. வெறும் பதுக்கல்காரர்கள் பாட்டின் தாளத்துக்காகச் சண்டை போடுவார்களா?

இன்னும் ஒன்று, ஃபிராங்க் வில்சனை ஏமாந்த பாடகராக யாரும் நினைக்க வேண்டாம். பாடகரா, தயாரிப்பாளரா, ஒன்றைத் தேர்ந்தெடு என்று மோட்டவுன் முதலாளி பெரி கோர்டி கேட்க, தயாரிப்பாளர் என்று சொன்னார். எடி கென்ட்ரிக்ஸுக்கு எழுதித் தயாரித்த பாட்டு 1973-ல் அமெரிக்காவில் முதலிடம். பிறகு மதபோதகராகி 2012-ல் காலமானார்.

தாமரைக்குளம்:
இது எனக்குத் தெரியாது. சரி, அவர் விஷயத்தில் என் வாதம் கொஞ்சம் தளர்கிறது. பொதுவாக இல்லை.

நாலு நாளாக இந்த இழையைப் படித்துப் படித்து நேற்று ராத்திரி அந்தப் பாட்டை ஒன்பது தடவை கேட்டேன். 1979-ல் டாம்லா மோட்டவுன் பிரிட்டனிலேயே முறையாக வெளியிட்ட தட்டு இருக்கிறதாமே, அது என்ன விலை இருக்கும்? சும்மா கேட்கிறேன்.

ஊசிமுனை:
'சும்மா கேட்கிறேன்' என்றுதான் எல்லாரும் ஆரம்பிப்பது. ஒரு லட்சமெல்லாம் இல்லை, பயப்படாதீர்கள்.

பாலா, உங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் இன்னும் ஏதாவது தட்டு இருக்கிறதா?

போல்டன் பாலா:
80-களில் வீட்டு முன்பணத்துக்காகப் பெட்டியோடு விற்றுவிட்டாராம். ஒன்றே ஒன்று மட்டும் மிச்சம். நீங்கள் சொன்ன பிறகு நேற்று அதை எடுத்துப் பார்த்தோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தார். எண் கோணல். கையால் கீறியது. இந்தப் பாட்டுக்கு ஒரிஜினலில் குத்தியதுதானாம்.

எனக்குச் சங்கடமாகிவிட்டது. அவர் உறைக்குள் தள்ளிக்கொண்டே, 'தெரியும், வாங்கின மறுநாளே தெரியும்' என்றார். எந்தப் பாட்டு என்று இங்கே எழுதலாமா என்று கேட்டதற்கு மட்டும் கூடவே கூடாது என்றுவிட்டார்.