பரங்கிப் பிஞ்சு அழுகி விழுகிறது, என்ன செய்வது?

கேள்வி – ஆயர் ஈத்தாம் (எழுதுவோர் பெயருக்குப் பதில் அவரவர் பினாங்கு ஊர்):
வேலியில் பரங்கிக் கொடி செழிப்பாகப் படர்ந்திருக்கிறது. ஆனால் பிஞ்சு முட்டை அளவு வந்ததும் மஞ்சளித்து விழுகிறது. பிளந்தால் உள்ளே வெள்ளைப் புழு. அம்மாவுக்கு இந்தக் காய் என்றால் உயிர், அதனால் மருந்தடிக்க மனமில்லை. வழி சொல்லுங்கள்.

பதில் – பட்டர்வொர்த்:
பழ ஈயின் வேலை, தங்கச்சி. தோலில் ஊசி குத்திய மாதிரி புள்ளியும் அதில் பிசினும் கசிந்தால் முட்டை இட்டாயிற்று. அப்புறம் மேலே எதை அடித்தும் உள்ளே இருக்கும் புழுவைத் தொடாது. பூ வாடியதுமே பிஞ்சுக்கு வலைப்பை போட்டுக் காம்போடு கட்டுங்கள். நாளிதழைச் சுற்றினாலும் போதும், மழையில் நைந்தால் மாற்ற வேண்டும். விழுந்த காயைக் கொடியடியில் விடவே கூடாது! புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாகக் கிளம்பும். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வெயிலில் போடுங்கள்.

பதில் – ஜெலுத்தோங்:
புழு இல்லாமலே விழுந்தால் மகரந்தம் சேரவில்லை. காலையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவுங்கள்.

ஆயர் ஈத்தாம்:
சரி அண்ணே, விழுந்ததையெல்லாம் இன்றே பொறுக்கிவிடுகிறேன். இலையைக் கடிக்கும் செம்மஞ்சள் வண்டுக்கு?

பட்டர்வொர்த்:
விடியற்காலையில் மந்தமாக இருக்கும். கையால் பிடித்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.