ஒரே புறவாசலில் மூன்று சேவல்: தோற்றதைப் பிரிப்பதா, விட்டுவைப்பதா?

பாளையங்கோட்டை புறவாசல்:
எங்கள் வீட்டுப் புறவாசல் மொத்தமே 3 சென்ட். அதில் 11 பெட்டைகளும் 3 சேவல்களும் மேய்கின்றன. மூன்று வயதான செவலைதான் இதுவரை பெரிய சேவலாக இருந்தது. கறுப்பும் வெள்ளையும் அதற்குப் பிறந்த எட்டு மாத விடைகள், அதாவது இளஞ்சேவல்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பு தூவியபோது, கறுப்பு கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு செவலையின் முன் நின்றது. இரண்டும் தலையைத் தாழ்த்தி அலகுக்கு நேர் அலகு வைத்து அசையாமல் நின்ற அந்த நேரத்திலேயே நான் குறுக்கே போயிருக்க வேண்டும். ஓடி வருவதற்குள் செவலையின் கொண்டை கிழிந்துவிட்டது. இன்று மூன்றாம் நாள். அது துவைக்கல்லுக்குப் பின்னால், முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு நிற்கிறது. தீனிக்கு வருவதில்லை, விடியலில் கூவுவதும் இல்லை. பஞ்சாரத்தில் தனியாக அடைப்பதா, அப்படியே விடுவதா என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

களக்காடு வாழைத்தோப்பு:
தங்கச்சி, விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. கோழிகளுக்குள் எது எதைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. நார்வே நாட்டு விலங்கியலாளர் ஷெல்டெரப்-எபே 1921 இல் அதை விளக்கி எழுதினார். அந்த வரிசை முடிவாகும் வரைதான் சண்டை. முடிவான பிறகு மேலே உள்ள சேவல் தலையை நிமிர்த்திப் பார்த்தாலே கீழே உள்ளது ஒதுங்கிப் போகும். எங்கள் தோப்பில் 5 சேவல்கள் நிற்கின்றன. ரத்தம் பார்த்து வெகுகாலம் ஆகிறது. நீங்கள் நடுவில் புகுந்து தூக்கினால் வழக்குத் தீராமல் நிற்கும். இரண்டு மூன்று வாரம் கண்காணாமல் அடைத்து வைத்துவிட்டுத் திரும்ப விட்டாலோ, மற்றவை அதை வந்தேறிச் சேவலாகவே பார்க்கும். சண்டை முதலிலிருந்து தொடங்கும்.

நாங்குநேரி நாட்டுக்கோழி:
அண்ணாச்சி சொல்வது தோப்புக்குச் சரி. 3 சென்ட் புறவாசலுக்கு நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தோற்ற சேவல் வென்றதன் கண்ணில் படாமல் ஓடி ஒளிய முடிந்தால்தான் சண்டை ஓய்கிறது. உங்கள் தோப்பில் அது நாலு வாழை தாண்டிப் போய் நின்றுகொள்ளும். அக்காவின் வீட்டில் சுற்றுச்சுவர் வரைதான் ஓட முடியும். அங்கே மூலையில் சிக்கியதை வென்ற சேவல் மறுபடியும் மறுபடியும் மிதிக்கும். செவலை சுவரைப் பார்த்து நிற்பது பணிந்துபோனதற்கு அடையாளம் என்று நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். மூன்று நாள் தீனி எடுக்காத கோழியைப் பணிந்த கோழி என்று சொல்லி விட்டுவிட என்னால் முடியாது. அது மெலிந்து செத்துப்போகும்.

அக்கா, முதலில் கொண்டைப் புண்ணை ஆறவைத்த வெந்நீரில் கழுவி, மஞ்சளையும் வேப்பெண்ணெயையும் குழைத்துத் தடவுங்கள். ரத்தச் சிவப்புத் தெரிந்தால் பெட்டைகளே வந்து கொத்தும். அடுத்து, பெட்டைகளின் முதுகைப் பாருங்கள். வால் தொடங்கும் இடத்தில் மயிர் உதிர்ந்து தோல் தெரிந்தால், சேவல்கள் மிகுதி என்று பொருள். எட்டுப் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் என்பதே வழக்கமான கணக்கு. உங்களிடம் இரண்டு சேவல் கூடுதல்.

திசையன்விளை தேரி:
கறுப்புக்குத்தான் துடிப்பு அதிகம்போல் தெரிகிறது. சேவல் சண்டைக்கு வளர்ப்பவர்களிடம் கொடுத்தால் நல்ல விலைக்கு எடுப்பார்கள்.

நாங்குநேரி நாட்டுக்கோழி:
வேண்டாம். சேவல்களை மோதவிடுவது 1960 ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். வீட்டில் குஞ்சிலிருந்து வளர்த்ததை அதற்குக் கொடுக்க அக்காவுக்கும் மனம் வராது.

களக்காடு வாழைத்தோப்பு:
இடம் பற்றி நாங்குநேரித் தம்பி சொன்னதை ஏற்கிறேன். நான் தோப்பை மனத்தில் வைத்துப் பேசிவிட்டேன். ஆனால் கண்காணாமல் பிரிக்கக் கூடாது என்பதில் மாற்றமில்லை. அதே புறவாசலில் கம்பி வலை கட்டி, ஒன்றையொன்று பார்க்கும்படி செவலையை நிறுத்துங்கள். பார்த்துக்கொண்டே இருந்தால் அறிமுகம் விட்டுப்போகாது. வலைக்கு வெளியே பனையோலைத் தட்டி இரண்டை நட்டு வைத்தால், பிறகு திறந்துவிடும்போது அது ஒளிந்துகொள்ள உதவும். தீனியையும் ஒரே இடத்தில் கொட்டாமல் மூன்று இடத்தில் வையுங்கள். கறுப்பின் கால் முள் கூராக இருந்தால் நுனியை மட்டும் அரத்தால் மழுக்கிவிடுங்கள். உள்ளே எலும்பும் ரத்த ஓட்டமும் இருப்பதால் ஆழமாக வெட்டக் கூடாது.

இன்னொன்று. கறுப்பை வெளியேற்றினால் அமைதி வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். மேலிடம் காலியானதும் வெள்ளை செவலையோடு மோதும். கொடுப்பதானால் வெள்ளையைக் கொடுங்கள்.

நாங்குநேரி நாட்டுக்கோழி:
வலை யோசனை நல்லது. ஆனாலும் 11 பெட்டைகளுக்கு இரண்டு சேவல் என்பதே எனக்கு அதிகமாகப் படுகிறது. கொண்டை கிழித்த விடையை வைத்துக்கொண்டு கிழவனை அதன் காலடியில் வாழவிடுவது செவலைக்குச் செய்யும் நன்மையா என்று அண்ணாச்சி எண்ணிப் பார்க்க வேண்டும். செவலையை வேறிடத்தில் நான்கு பெட்டைகளோடு விட்டால் மரியாதையாக இருக்கும்.

வலையைத் திறக்கும் நாளைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி உண்டு. ஒரு கூட்டத்தில் மேல்நிலைச் சேவல் முதலில் கூவுகிறது, மற்றவை தங்கள் வரிசைப்படி அடுத்தடுத்துக் கூவுகின்றன என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015 இல் காட்டினார்கள். விடியலில் எழுந்து கேளுங்கள். செவலை வாயே திறக்கவில்லை என்றால் இன்னும் பொறுத்திருங்கள்.

பாளையங்கோட்டை புறவாசல்:
அண்ணாச்சிக்கும் தம்பிக்கும் நன்றி. நான்கு பெட்டைகளின் முதுகு மொட்டையாகத்தான் இருந்தது. இத்தனை நாள் அதை இறகு உதிர்வு என்று நினைத்திருந்தேன். வெள்ளையை அம்பாசமுத்திரத்தில் என் அம்மா வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அங்கே பெட்டைகள் மட்டுமே இருந்தன. செவலை வலைக்குள் இருக்கிறது. ஊறவைத்த சோளத்தை முதல் இரண்டு நாள் என் கையிலிருந்து மட்டும் எடுத்தது, பிறகு தட்டில் உண்டது. கொண்டையில் பொருக்குக் கட்டிவிட்டது.

தம்பி சொன்னதைக் கேட்டு நாள்தோறும் இருட்டோடு எழுந்து புறவாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். பத்து நாள் கறுப்பின் குரல் மட்டும்தான். இன்று கறுப்பு இரண்டு முறை கூவி ஓய்ந்த பிறகு, வலைக்குள்ளிருந்து கரகரத்த குரலில் செவலை ஒரு முறை கூவியது. கறுப்பு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு மண்ணைக் கிளறப் போய்விட்டது. நாளை மாலை, கோழிகள் அடைகிற நேரத்தில் வலையை எடுக்கப் போகிறேன். மறுபடியும் மிதி விழுந்தால், தம்பி சொன்னபடி செவலையோடு நான்கு பெட்டைகளையும் அனுப்ப இடம் பார்ப்பேன்.