பேயஸ் தேற்றம் கணக்கு போடுறாங்க, ஆனா அர்த்தம் புரியல. ப்ளஸ் டூ பசங்களுக்கு எப்படி சொல்லிக்கொடுக்குறீங்க?

செம்பூர்_கணக்கு_டீச்சர்

வணக்கம். மும்பை செம்பூர்ல சாயங்காலம் டியூஷன் எடுக்குறேன், சிபிஎஸ்இ பத்தாவதும் ப்ளஸ் டூவும், பாதிப்பேரு நம்ம தமிழ்ப் பசங்க, தாராவி, சயான் கோலிவாடா பக்கத்துலேர்ந்து வர்றவங்க. பேயஸ் தேற்றம், அதாவது ஒண்ணு நடந்துடுச்சுன்னு தெரிஞ்சப்புறம் அதுக்குக் காரணம் இதுவா இருக்க என்ன வாய்ப்புன்னு கண்டுபிடிக்கிறது, அந்தக் கணக்கு குடுத்தா கடகடன்னு போட்டுடுறாங்க, மூணு பை, சிவப்புப் பந்து, கருப்புப் பந்து, ஃபார்முலால நம்பர போட்டா விடை வந்துடும். போன வாரம் ஒரு பொண்ணு கண்ணு வீங்கி வந்தா. அவ ஆச்சிக்கு ஏதோ டெஸ்ட்ல பாசிட்டிவ்னு வந்துடுச்சாம், 'இந்த டெஸ்ட் 95 சதவீதம் கரெக்டா இருக்கும்'னு யாரோ சொல்லிருக்காங்க, அப்ப வியாதி இருக்க 95 சதவீதம் வாய்ப்புன்னு வீட்ல எல்லாரும் இடிஞ்சு போய் உக்காந்துட்டாங்க. ரெண்டாவது டெஸ்ட்ல ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சிடுச்சு, நல்லவேளை. ஆனா அதே பொண்ணு அதுக்கு முந்தின நாள்தான் அச்சு அசலா அதே மாதிரி ஒரு கணக்குக்கு அஞ்சுக்கு அஞ்சு மார்க் வாங்கினா! ரெண்டும் ஒண்ணுதான்னு அவளுக்குத் தோணவே இல்ல. அன்னிலேர்ந்து எனக்கு மனசே சரியில்ல. நீங்கல்லாம் இத எங்கேர்ந்து ஆரம்பிக்கிறீங்க?

தாராவி_நெல்லை

மேடம், பந்தையும் பையையும் கொஞ்ச நாளைக்கு ஓரமா வைங்க, தாயக்கட்டைய எடுங்க. எங்க தெருவுல முக்காவாசி வீடு திருநெல்வேலிக்காரங்க, நான் சனி ஞாயிறு பசங்கள சேத்து உக்கார வச்சு சொல்லிக்கொடுக்குறேன், பித்தளைக் கட்டை ஒரு ஜோடி யார் வீட்லயாவது கண்டிப்பா இருக்கும். ஒரு கட்டைக்கு நாலு பக்கம், ஒண்ணு வெறுமை, மத்ததுல ஒரு புள்ளி, ரெண்டு, மூணு. ரெண்டையும் உருட்டுனா 1, 2, 3, 4, 5, 6, ரெண்டுமே வெறுமையா விழுந்தா 12, ஆக ஏழு விதம். தாயம், அதாவது 1, விழ என்ன வாய்ப்புன்னு கேளுங்க, முக்காவாசிப் பேரு 1/7னுதான் சொல்லுவான்.

அப்ப திட்டிடாதீங்க. டாலம்பேர்னு பிரான்ஸ்ல பெரிய கணித மேதை, அவரே 1754ல கலைக்களஞ்சியத்துல இதே தப்பத்தான் எழுதி வச்சிருக்காரு, காச ரெண்டு தடவை சுண்டுனா ஒரு தடவையாவது தலை விழ மூணுல ரெண்டுன்னு, உண்மைல நாலுல மூணு. இத சொன்னா தப்பா சொன்ன பையன் மறுபடி வாயத் தொறப்பான். அப்புறம் ஒரு கட்டைல சாக்பீஸ் அடையாளம் போட்டு 16 கட்டம் வரையச் சொல்லுங்க. தாயத்துக்கு ரெண்டு கட்டம், அப்ப 1/8. மூணுக்கு நாலு கட்டம். பன்னெண்டுக்கு ஒரே ஒரு கட்டம், அதான் பன்னெண்டு விழுந்தா அவ்ளோ கத்துறோம்.

இன்னொண்ணு, காய் எறக்கணும்னா தாயம் விழணும்ல, எட்டு தடவை உருட்டியும் விழாம ஒருத்தன் உக்காந்திருப்பான், 'இப்ப விழுந்தே ஆகணும்'பான். எட்டு தடவையும் தாயம் விழாம போக 34 சதவீதம் வாய்ப்பு, அதாவது மூணு பேர்ல ஒருத்தனுக்கு நடக்கும். ஒன்பதாவது தடவையும் அதே 1/8தான். கைல கட்டைய வச்சுக்கிட்டே இத கேட்டவன் மறக்க மாட்டான்.

பரேல்_டேட்டா

டீச்சர், நான் பரேல்ல மருத்துவ ஆராய்ச்சிக்கு புள்ளியியல் பாக்குறவன். அந்தப் பொண்ண தயவுசெஞ்சு குறை சொல்லாதீங்க. 1978ல ஹார்வர்ட் மெடிக்கல் ஸ்கூல்ல டாக்டருங்க, மாணவங்க எல்லாம் சேத்து 60 பேர்கிட்ட கேட்டாங்க, ஆயிரத்துல ஒருத்தருக்கு இருக்குற வியாதி, வியாதி இல்லாதவங்களுக்கும் டெஸ்ட் 5 சதவீதம் பாசிட்டிவ் காட்டும், இப்ப ஒருத்தருக்கு பாசிட்டிவ்னா வியாதி இருக்க என்ன வாய்ப்பு? 27 பேரு 95 சதவீதம்னாங்க. சரியா சொன்னது 11 பேருதான்.

இத ஆளுங்களா எண்ணிப் பாருங்க. 1000 பேரு வரிசைல நிக்கிறாங்க, வியாதி உள்ளவர் ஒருத்தர், அவருக்கு பாசிட்டிவ். மீதி 999 பேர்ல 5 சதவீதம்னா கிட்டத்தட்ட 50 பேருக்கு சும்மா பாசிட்டிவ். ஆக பாசிட்டிவ் சீட்டோட வெளிய வர்றவங்க 51 பேரு, அதுல நிஜமா வியாதி ஒருத்தருக்கு, 2 சதவீதம். அஞ்சாங்கிளாஸ் புள்ளைக்கே புரியும். கிகெரென்சர், ஹோஃப்ராகேன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க 1995லயே எழுதிட்டாங்க, சதவீதமா குடுக்காம இப்படி எண்ணிக்கையா குடுத்தா ரொம்ப அதிகம் பேரு சரியா சொல்றாங்கன்னு. நான் புதுசா சேர்ற டாக்டருங்களுக்கு மொதல்ல ஒரு வெள்ளைப் பேப்பர்ல 1000 பேர கிளை கிளையா பிரிக்கச் சொல்லிட்டுத்தான் ஃபார்முலாவயே காட்டுறேன்.

முலுண்ட்_வாத்தியார்

ரெண்டு பேர் சொன்னதும் நல்லாத்தான் இருக்கு, ஆனா ஃபார்முலாவ ஒதுக்கிட்டா போர்டு எக்ஸாம்ல புள்ளைங்கதான் மார்க்க விடும், நான் 22 வருஷமா ஸ்கூல்ல எடுக்குறேன், அந்த வலி எனக்குத் தெரியும். ரெண்டும் வேணும் டீச்சர். அதோட சும்மா எண்ணுறது மட்டும் போதாது, எத எதோட பெருக்கலாம்னும் தெரியணும். இங்கிலாந்துல ஒரு தாய்க்கு ரெண்டு கைக்குழந்தைங்க செத்துப்போச்சு, இவங்களே கொன்னுட்டாங்கன்னு 1999ல கேஸ் நடந்து ஜெயில்ல போட்டுட்டாங்க. அந்தக் கேஸ்ல ஒரு நிபுணர் வந்து, ஒரு குழந்தை இப்படி திடீர்னு சாக 8543ல ஒண்ணு, ரெண்டு குழந்தைன்னா அதையே பெருக்கி 7 கோடியே 30 லட்சத்துல ஒண்ணுன்னு சொல்லிட்டாரு. ஒரே வீடு, ஒரே ரத்தம், ரெண்டு சாவும் சம்பந்தமில்லாததுன்னு எப்படிப் பெருக்கலாம்? அதுமட்டுமா, தானா சாகுறது அபூர்வம்ங்கிறதால அம்மா கொன்னிருப்பாங்கன்னு ஆயிடுமா, ரெண்டு குழந்தைய அம்மாவே கொல்றதும் அபூர்வம்தானே. 2001ல ராயல் ஸ்டாடிஸ்டிகல் சொசைட்டியே இது தப்புன்னு வெளிப்படையா சொன்னாங்க, அந்தம்மா வெளிய வர 2003 ஆயிடுச்சு. இத நடத்துற அன்னிக்கு என் கிளாஸ்ல ஒரு சத்தம் இருக்காது.

செம்பூர்_கணக்கு_டீச்சர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து செஞ்சு பாத்தேன். அந்தப் பொண்ணே அவ ஆச்சியோட கட்டைய கொண்டு வந்தா, ஊர்லேர்ந்து வந்த பழைய பித்தளை, வழவழன்னு தேஞ்சு போயிருக்கு. 10 பேரு ஆளுக்கு 40 தடவை, மொத்தம் 400. தாயம் 50 வரணும்ல, 64 வந்துது. 'மிஸ், அப்ப ஆச்சி கட்டை கோணையா?'ன்னு கேட்டா. எனக்கு டக்குனு பதில் வரல சார், என்ன சொல்லலாம்?

பரேல்_டேட்டா

ரொம்ப நல்ல கேள்வி, எங்க வேலையே இதுதான். கட்டை நேரா இருந்தா 400ல 64ஓ அதுக்கு மேலயோ வர நூத்துக்கு ரெண்டு மூணு தடவைதான் நடக்கும், இததான் பி வேல்யூங்கிறோம். இங்கதான் பெரிய பெரிய ஆராய்ச்சிக் கட்டுரைலயே சறுக்குறாங்க, 'அப்ப கட்டை நேரா இருக்க வாய்ப்பே ரெண்டு மூணு சதவீதம்தான்'னு எழுதிடுறாங்க. அமெரிக்கன் ஸ்டாடிஸ்டிகல் அசோசியேஷன் 2016ல இதுக்குன்னே அறிக்கை விட்டாங்க, ஒரு கருதுகோள் உண்மையா இருக்க வாய்ப்பு எவ்ளோன்னு பி வேல்யூ சொல்லாதுன்னு. அந்தப் பொண்ணுக்கு இப்படிச் சொல்லுங்க: ஆச்சி டெஸ்ட்ல நீ செஞ்ச அதே குழப்பம்தான் இதுவும், வியாதி இல்லன்னா பாசிட்டிவ் வர என்ன வாய்ப்புங்கிறது ஒரு கேள்வி, பாசிட்டிவ் வந்தா வியாதி இல்லாம இருக்க என்ன வாய்ப்புங்கிறது வேற கேள்வி. அங்க ஊர்ல எத்தன பேருக்கு வியாதின்னு தெரியணும், இங்க பழைய கட்டைங்கள்ல எத்தன கோணையா இருக்கும்னு தெரியணும்.

சந்தேகத்த கிளப்பின இந்த 400ஐ வச்சே தீர்ப்பு சொல்லாதீங்க. புதுசா இன்னொரு 400 உருட்டச் சொல்லுங்க, எத எண்ணப் போறோம்னு உருட்டுறதுக்கு முன்னாடியே நோட்டுல எழுதிடணும். கூட்டுத்தொகைய மட்டும் எழுதாம எந்தக் கட்டைல எந்தப் பக்கம்னு தனித்தனியா எழுதுனா கோணை எதுலன்னும் தெரியும்.

செம்பூர்_கணக்கு_டீச்சர்

இது போதும் சார். வெள்ளிக்கிழமை உருட்டுறோம், ஒரு கட்டைக்கு சாக்பீஸ் அடையாளம் போட்டாச்சு, அட்டவணைய அவளே கோடு போட்டு வச்சுட்டா. ஆச்சியும் வந்து பாக்கணும்னு சொல்லிருக்காங்களாம்.