கீமோவோடு மாற்று மருத்துவமும் பார்ப்பவர்கள் இருக்கிறீர்களா?

எனக்குப் பெருங்குடல் புற்றுநோய், நான்காம் நிலை. கல்லீரலுக்கும் பரவிவிட்டது. குணமாக்க முடியாது, கட்டுக்குள் வைக்கலாம் என்று மருத்துவர் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட்டார். இரினோடீகன் என்ற கீமோ மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது, அதை நிறுத்தும் எண்ணம் இல்லை. கூடவே அக்குபஞ்சர் செய்துகொள்கிறேன். குமட்டல் சற்று அடங்கி, நாலு வாய் சாப்பிட முடிகிறது. இப்போதைக்கு அதுவே பெரிது.

தொல்லை வேறு இடத்தில். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு புட்டியோடு வருகிறார்கள். மனச்சோர்வுக்கு என்று ஒருவர் தந்ததில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை கலந்திருக்கிறது. லேபிளின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். அது இரினோடீகனின் வேலையையே குறைத்துவிடும். இன்னொருவர் ஆப்ரிகாட் விதையைப் பொடித்துக் கொண்டுவந்தார். அது உடலுக்குள் போய் சயனைடை வெளிவிடும்! அன்போடு நீட்டுபவரிடம் இதை எப்படிச் சொல்வது? மனம் நோகாமல் மறுத்தவர்கள் வழி சொல்லுங்கள்.

மஞ்சளில் இருக்கும் குர்குமினை மாத்திரையாக எடுக்கத் தொடங்க ஆசை. மருத்துவரிடம் கேட்டால் முகம் சுளிக்கிறார். கீமோவின்போது அதை எடுத்தவர்களுக்குக் கல்லீரல் பரிசோதனையில் மாற்றம் தெரிந்ததா?

வலி, குமட்டல் போன்ற தொல்லைகளைக் குறைக்கும் நோய்த் தணிப்புச் சிகிச்சைக் குழுவை எப்போது நாடினீர்கள்? அது கடைசி நாட்களுக்கானது என்று வீட்டில் பயப்படுகிறார்கள். முற்றிய நுரையீரல் புற்றுநோயில் அதைத் தொடக்கத்திலேயே பெற்றவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததாக 2010இல் ஓர் ஆய்வு வந்தது. அதைச் சொல்லியும் எடுபடவில்லை.

தனிச்செய்தியில் மருந்து விற்க வருபவர்கள் தயவுசெய்து ஒதுங்கிக்கொள்ளுங்கள். பட்டறிந்தவர்கள் விவரமாக எழுதினால் உதவியாக இருக்கும்.