இன்ஜினியரிங் மாணவர்களுக்கு ஒரு செமஸ்டர் முழுக்கப் பட்டறையிலா?

ஆவாரம்பாளையம் பட்டறைக்காரர்:
பம்ப் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்கிறேன். மெக்கானிக்கல் முடித்த பையன்கள் வேலை கேட்டு வருகிறார்கள். ஷாஃப்ட்டையும் அதை நுணுக்கமாக அளக்கும் மைக்ரோமீட்டரையும் கையில் கொடுத்தால், ஒரே அழுத்தத்தில் நிறுத்தும் முனைத் திருகான ராட்செட்டைத் தொடாமல், திம்பிள் என்கிற சுழலும் உருளையையே பிடித்து இறுக்குகிறார்கள். ஒவ்வொரு தடவையும் வேறு அளவு வருகிறது. டாலரன்ஸ், அதாவது அளவு எவ்வளவு கூடலாம் குறையலாம் என்பது, என்றால் என்ன என்று ஒப்பிக்கத் தெரிகிறது. பேரிங் உட்காரும் இடத்தில் 20 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 20 பங்கு) கூடிவிட்டால் பேரிங் சூடேறிச் சீக்கிரம் போய்விடும் என்பது தெரியவில்லை. கம்பெனிக்கு அனுப்பும் 15 நாள் இன்பிளான்ட் டிரெயினிங்கில் இதெல்லாம் வராது. ஒரு முழு செமஸ்டர் பட்டறைக்கு வரட்டும். நம்ம கோயமுத்தூருக்கு இது புதுசும் இல்லை. பிஎஸ்ஜி டெக்கில் படிப்புக்கு நடுவே தொழிற்சாலைப் பயிற்சியும் சேர்ந்த 5 வருட சாண்ட்விச் பி.இ. ரொம்ப காலமாக நடக்கிறது.

பெருந்துறை வாத்தியார்:
ஏற்க முடியலைங்க. மைக்ரோமீட்டர் பிடிக்கக் கல்லூரி லேபிலேயே பழக்க வேண்டும், அதற்கு ஒரு செமஸ்டர் எதற்கு? நாலு வருடத்தில் எதை எடுப்பது? ஃபுளூயிட் மெக்கானிக்ஸா, ஹீட் டிரான்ஸ்ஃபரா? பம்பில் கேவிடேஷன் (அழுத்தம் குறைந்து தண்ணீரில் ஆவிக்குமிழி உண்டாகி உடைவது) ஏன் வருகிறது என்று உட்கார்ந்து விளக்க உங்கள் பட்டறையில் யாருக்கு நேரம் இருக்கிறது? இன்றைக்கு உங்களுக்குத் தேவையானதை மட்டும் கற்றவன், பத்து வருடம் கழித்துத் தொழில் மாறும்போது என்ன செய்வான்?

இறுதியாண்டு மெக்கானிக்கல்:
அண்ணா, போன லீவில் எங்களை ஒரு ஃபவுண்டரிக்கு அனுப்பினார்கள். காஸ்டிங் எண்ணி டெம்போவில் ஏற்றினோம், பில் என்ட்ரி போட்டோம். அடிபட்டால் யார் பொறுப்பு என்று சொல்லி ஃபர்னஸ் பக்கமே விடவில்லை. பஸ் காசும் எங்கள் கைக்காசுதான். அப்புறம் சர்ட்டிஃபிகேட் மட்டும் வந்தது. ஒரு செமஸ்டரும் இப்படியே போனால், அது கூலி இல்லாத வேலை.

திருப்பூர் மெர்ச்சண்டைசர்:
தம்பி சொல்வது இங்கேயும் நடக்கிறது. அதற்காகக் கல்லூரிக்குள்ளேயே எல்லாம் கிடைத்துவிடாது. ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது; அதைப் பார்க்கத் துணியை வெட்டும் ஜிஎஸ்எம் கட்டர் எந்த டெக்ஸ்டைல் லேபிலும் இருக்கும். ஈரம் சரியாகப் போகாத துணியை வெட்டி எடை போட்டால் ஜிஎஸ்எம் கூடுதலாகக் காட்டும். அதை நம்பி ஓகே சொன்னால் பையர் மொத்த லாட்டையும் திருப்பிவிடுவான். டையிங் யூனிட்டில் நின்று பார்த்தவருக்கு இது மறக்காது. இங்கே ஏற்றுமதியாளர்களே சேர்ந்து 1997ல் நிஃப்ட்-டீ என்கிற பின்னலாடை ஃபேஷன் கல்லூரியைத் தொடங்கினார்கள். பிள்ளைகளை அனுப்புவதற்கு முன்னால் வாத்தியார்கள் ஒரு லீவுக்கு யூனிட்டில் வந்து நிற்க வேண்டும் என்பேன்.

பெருந்துறை வாத்தியார்:
வருவதில் எனக்குத் தடை இல்லைங்க. ஆனால் ஒரு வகுப்புக்கு 60 பேர். இத்தனை பேரையும் உள்ளே விட்டுச் சொல்லித்தர எத்தனை யூனிட் முன்வரும்? கரூர், நாமக்கல் பக்கத்துக் கிராமத்துப் பெண் பிள்ளைகள் எங்கே தங்குவார்கள்? ஷிஃப்ட் முடிந்து ராத்திரி எப்படித் திரும்புவார்கள்?

ஆவாரம்பாளையம் பட்டறைக்காரர்:
தங்கும் இடம் கல்லூரியும் தொழில் சங்கமும் சேர்ந்து பார்க்க வேண்டியது, பகல் ஷிஃப்ட் மட்டும் கொடுக்கலாம். என்னைப் போன்ற சின்னப் பட்டறையில் இரண்டு பேருக்கு மேல் முடியாது, அந்த இரண்டு பேரை ஒரு சீனியர் டர்னரிடம் ஒப்படைக்கிறேன். செய்த பாகத்தில் எந்த ஜாப் ரிஜெக்ட் ஆனது, ஏன் ஆனது என்று தினமும் எழுதட்டும். அந்த நோட்டை வைத்து நீங்களே வைவா (வாய்மொழித் தேர்வு) நடத்தி மார்க் போடுங்கள். பட்டதாரி அப்ரண்டிஸுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு தருகிறது. அதுபோல இதற்கும் கொடுத்தால் மீதியை நான் போடுகிறேன்.

இறுதியாண்டு மெக்கானிக்கல்:
அரசாங்கம் கொடுக்காவிட்டால்? அந்தத் தொகையையும் இன்சூரன்ஸையும் கல்லூரியோடு போடும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள் அண்ணா. வாய்ப்பேச்சாக இருந்தால் என் ஜூனியர்களை வரச்சொல்ல மாட்டேன்.