ஃபோர்ட் ஸ்மித் போனவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம். அடுத்த மாதம் அப்பாவை அமெரிக்காவின் அர்க்கன்சா மாநிலத்தில் இருக்கும் ஃபோர்ட் ஸ்மித் வரலாற்றுத் தலத்துக்குக் கூட்டிப்போகிறேன். அவர் கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். நீதிபதி ஐசக் பார்க்கரைப் பற்றிப் படித்த நாளிலிருந்து அதே பேச்சுதான். சாட்சிக் கூண்டு எந்தப் பக்கம், குமாஸ்தா மேசை எங்கே என்று இப்போதே கேட்கிறார்.

1875-ல் வந்த பார்க்கர் 21 ஆண்டுகள் அங்கே நீதிபதி. 160 பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தார். 79 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். கொலைக்குற்றம் உறுதியானால் மரண தண்டனை தவிர வேறு கொடுக்க அன்றைய சட்டத்தில் இடமில்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் அப்பாவின் குரல் தழுதழுக்கும்.

என் கவலை வேறு. அப்பாவுக்கு இரண்டு முழங்காலிலும் வலி. அங்கே இருந்த ராணுவக் கோட்டையின் பழைய சிப்பாய் விடுதிதான் பிறகு பார்க்கரின் கோர்ட்டானது. அதன் நிலவறைதான் 1888 வரை சிறை. 'எல்லைப்புற நரகம்' என்று பேர் வாங்கிய இடம். கீழே இறங்கப் படிதானா, லிஃப்ட் உண்டா? சக்கர நாற்காலி தருவார்களா?

அப்புறம், எட்டு வயது மகளும் வருகிறாள். திரும்பக் கட்டிய தூக்குமேடையைக் குழந்தைக்குக் காட்டியவர்கள் என்ன சொல்லி விளக்கினீர்கள்? 1830-களில் செரோக்கி உள்ளிட்ட பூர்வகுடிகளை ஊரைவிட்டு விரட்டிய கண்ணீர்ப் பாதையும் அங்கே ஓடும் அர்க்கன்சா ஆற்றங்கரை வழியாகத்தான் போனது. அதை அவளுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1817-ல் கட்டிய முதல் கோட்டையின் அடித்தளக் கற்கள் வரை அப்பாவால் நடக்க முடியுமா?

அரை நாள் போதுமா, முழு நாள் ஒதுக்கணுமா? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.